சார்பு மின்னழுத்தம்

நம்முடைய இசை எழுத்தில் ஒலி கிடையாது. ராகத்தின் பெயர் இருக்கும், பாடலாசிரியரின் வரி இருக்கும், அந்தப் பாட்டை முதன்முதலில் கேட்ட பேருந்தும் அன்றைக்குப் பெய்த மழையும் இருக்கும். வில் நரம்பைத் தொட்ட கணத்தில் என்ன கேட்டது, பாடியவர் மைக்கிலிருந்து எவ்வளவு தள்ளி நின்றார், அந்தக் கூடம் பெரிசா சின்னதா என்பதெல்லாம் இருக்காது. 'ஆன்மாவை உருக்கியது' என்று முடித்துவிடுகிறோம். இதற்கு நேர் எதிரே இன்னொரு கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. விலை உயர்ந்த ஹெட்ஃபோன்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவர்கள். ஒலியைத் தவிர வேறெதுவும் பேசமாட்டார்கள். பாட்டு அவர்களுக்குக் கருவியைச் சோதிக்கிற சரக்கு, அவ்வளவுதான். ஆச்சரியம் என்னவென்றால் இரண்டு தரப்பும் ஒரே சொல்லைத்தான் புழங்குகிறார்கள்: உண்மை. அங்கே உண்மையான உணர்வு. இங்கே உள்ளது உள்ளபடி.

இந்த இரண்டாவது உண்மையைக் கொஞ்சம் தட்டிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். அதன் உச்சி என்று சொல்லப்படுவது எலக்ட்ரோஸ்டேட்டிக் ஹெட்ஃபோன். என் வயதைவிட மூத்த, ஜப்பானில் செய்த பழைய ஜோடி ஒன்றைச் சில வருடங்களாகக் கெப்பாலா பத்தாஸில் வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சாதாரண ஹெட்ஃபோனுக்குள் காந்தம் உண்டு, கம்பிச் சுருள் உண்டு, சுருளோடு ஒட்டிய ஒரு கூம்பு உண்டு. சுருள் அசைந்தால் கூம்பு அசையும். எலக்ட்ரோஸ்டேட்டிக்கில் இது எதுவும் இல்லை. ஓரிரண்டு மைக்ரான் தடிமனுள்ள ஒரு பிளாஸ்டிக் சவ்வு, அதற்கு இருபுறமும் துளையிட்ட உலோகத் தகடுகள். தலைமுடியில் பல பத்தில் ஒரு பங்குதான் சவ்வின் தடிமன். அதில் எப்போதும் ஒரு மின்னூட்டம் நிற்கும். பாட்டின் சமிக்ஞை தகடுகளுக்குப் போகும். ஒரு தகடு இழுக்க, மற்றது தள்ளும். விசை சவ்வு முழுக்கச் சமமாக விழுவதாலும், அசைய வேண்டிய எடை ஏறக்குறைய இல்லாததாலும், ஒரு ஒலி தொடங்குவதும் நிற்பதும் வெட்டினாற்போல் கேட்கும்.

ஸ்டாக்ஸ் என்ற ஜப்பானிய நிறுவனம் 1960இல் இதை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு மூன்று வருடம் முன்பே இங்கிலாந்தின் குவாட், பீட்டர் வாக்கர் வடிவமைத்த எலக்ட்ரோஸ்டேட்டிக் ஒலிபெருக்கியை வெளியிட்டிருந்தது. சென்ஹைசர் 1991இல் 'ஆர்ஃபியஸ்' செய்தது. 2015இல் அதன் வாரிசை அறிவித்தபோது ஆம்ப்ளிஃபையரைப் பளிங்குக்கல்லில் வைத்தார்கள். விலை சுமார் 50,000 யூரோ. காதில் வைக்கிற பொருளுக்குப் பளிங்கு எதற்கு என்று கேட்கக்கூடாது. கோவில் என்றால் கல் வேண்டும்.

சவ்வில் நிற்கிற அந்த மின்னூட்டத்தைக் கொடுப்பது பயஸ் வோல்டேஜ், தமிழில் சார்பு மின்னழுத்தம். ஸ்டாக்ஸின் பழைய மாடல்களுக்கு 230 வோல்ட், பின்னர் வந்த 'புரோ' வரிசைக்கு 580. இரண்டையும் மாற்றிச் செருகிவிடக் கூடாது என்பதற்காக, பழைய ஆறு கால் பிளக் புதிய ஐந்து துளை சாக்கெட்டில் நுழையாதபடி செய்திருக்கிறார்கள். எனக்கு இந்தக் கருவியில் பிடித்த விஷயமே இதுதான். ஒளிவுமறைவற்றது, நடுநிலையானது, எதையும் கூட்டாது குறைக்காது என்று புகழப்படும் இந்தப் பொருள், சார்பு இல்லாவிட்டால் வாயே திறக்காது. பாட்டு வருவதற்கு முன்பே அது ஒரு நிலை எடுத்திருக்க வேண்டும். சார்பு குறைந்தால் சத்தம் குறையும். சார்பே போனால் மௌனம்.

இது வெறும் சொல் விளையாட்டு இல்லை என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது இந்த ஊர்க் காற்று. கெப்பாலா என்றால் தலை, பத்தாஸ் என்றால் வரப்பு. பினாங்கின் பெருநிலப் பக்கம், சுற்றிலும் நெல்வயல். வயலில் தண்ணீர் நிற்கிற நாளில் சுவரே வியர்க்கும். ஈரக் காற்று சவ்வின் மின்னூட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும். இரண்டு பக்கமும் ஒரே அளவில் கசிவதில்லை என்பதுதான் சிக்கல். ஒரு அக்டோபர் மழையில் வலது பக்கம் சோர்ந்தது. பழைய மோனோ பாட்டுகளில் பாடகர் நட்ட நடுவில் நிற்க வேண்டும். அவர் ஒவ்வொரு நாளும் இடப்பக்கம் ஒரு விரற்கடை நகர்ந்துகொண்டிருந்தார். மெதுவாக நடந்ததால் காது அதற்குப் பழகிக்கொண்டே போனது. வேறொரு ஹெட்ஃபோனை மாட்டிப் பார்த்த அன்றுதான் அவர் எவ்வளவு தூரம் போயிருக்கிறார் என்று தெரிந்தது.

பிறையில் தொழிற்சாலை வேலை பார்த்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர், வீட்டு முன்கூடத்தில் ரேடியோ, ஆம்ப்ளிஃபையர் பழுது பார்க்கிறார். கொண்டுபோய்க் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தம்பி, இதுல கெட்டுப்போக என்னா இருக்கு? காந்தம் இல்ல, காயில் இல்ல. காத்துல தண்ணி இருக்கு. அது கரண்ட குடிக்குது, அவ்ளோதான்."

"காய வெச்சா போதுமாண்ணே?"

"போதும். சவ்வுல மட்டும் கைய வெச்சுராத. தொட்டா போச்சு."

காது மெத்தைகள் வெடித்து உதிர்ந்துகொண்டிருந்தன, அதை மாற்றினார். சவ்வைத் திறக்கவே இல்லை. சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு ஒரு மூடிய டப்பாவில் நாலு நாள். பிறகு பாட்டில்லாமல், சார்பை மட்டும் கொடுத்து ஒரு இரவு முழுக்க விட்டுவைக்கச் சொன்னார். காலையில் பாடகர் நடுவுக்குத் திரும்பியிருந்தார். ஆம்ப்ளிஃபையரை மட்டும் நான் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்: உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட், சுவிட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் தங்கும். ஜப்பானின் 100 வோல்ட்டுக்குச் செய்ததை இங்கே நேராகச் செருகினால் கதை முடிந்தது. நடுவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

ஒப்பிடும்போது ஒரு விதி வைத்துக்கொண்டேன்: இரண்டும் ஒரே சத்த அளவில் ஒலிக்க வேண்டும். கொஞ்சம் கூடுதல் சத்தமாக ஒலிப்பது எப்போதும் கொஞ்சம் கூடுதல் நல்லதாகத் தோன்றும். எதிரே வைத்தது சென்ஹைசரின் எச்.டி. 600. 1997இல் வந்த சாதாரண காந்தச் சுருள் வகை, இன்றும் கிடைக்கிறது.

இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986). தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையான தொகுப்பு, வி.எஸ். நரசிம்மனின் வயலின். எலக்ட்ரோஸ்டேட்டிக்கில் வில் திரும்புகிற இடம் ஒவ்வொன்றும் தெரிகிறது. கூட்டு வயலின்கள் ஒரே பட்டுத்துணியாக இல்லை. தனித்தனி ஆட்கள், ஒருவர் இம்மியளவு முந்தி, ஒருவர் பிந்தி. அந்த இம்மிதான் அந்த இசையின் சூடு என்று இதில் கேட்ட பிறகுதான் சொல்ல முடிந்தது. எச்.டி. 600இல் அதே இடம் கனமாக, ஒன்றாக வருகிறது. தவறில்லை, ஆனால் ஆட்கள் மறைந்து இசைக்குழு மட்டும் மிஞ்சுகிறது.

'ரோஜா' (1992) வேறு கதை. ஒவ்வொரு ஒலியும் தனியே செய்யப்பட்டு அருகருகே அடுக்கப்பட்டது என்பது இங்கே அப்பட்டமாகத் தெரிகிறது. ஒரு கூடம் இல்லை. கூடம் மாதிரியான எதிரொலி இருக்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பலர் ஒன்றாக உட்கார்ந்து வாசித்த காலம் முடிந்து, ஒருவர் தனியறையில் இரவெல்லாம் அடுக்குகிற காலம் தொடங்கியதை நாம் பேட்டிகளில் படித்திருக்கிறோம். காதாலும் படிக்கலாம். தமிழ்த் திரைப்பாடல்களில் ஸ்டீரியோவில் பதிவான முதல் தொகுப்பு என்று சொல்லப்படும் 'பிரியா' (1978) இரண்டுக்கும் முன்னால் இருக்கிறது. புது வீட்டுக்குக் குடிவந்தவர் எல்லா விளக்கையும் போட்டுப் பார்ப்பதுபோல, இடமும் வலமும் கிடைத்த குதூகலம் அதில் கேட்கிறது.

1956இல் மறைந்த டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி, 78 சுழற்சித் தட்டிலிருந்து எடுத்த பிரதி. இரைச்சலும் கீறலும் பெரிதாகக் கேட்கும் என்று பயந்தேன். கேட்டது. ஆனால் இரைச்சல் ஒரு தனித் திரையாக முன்னே விலகி நிற்க, நாதஸ்வரம் அதற்குப் பின்னால் நின்றது. மலிவான இயர்ஃபோனில் இரண்டும் ஒன்றோடொன்று பிசைந்து கிடக்கும்.

இத்தனையும் சொன்ன பிறகு இதையும் சொல்லவேண்டும். மலேசியாவில் வளர்ந்தவனின் காதுக்கு முதல் இசை பெரும்பாலும் உறுமி மேளம்தான். தைப்பூசத்தில் காவடிக்குப் பின்னால் நடந்தவனுக்கு அது நெஞ்சுக்கூட்டில் கேட்கிற இசை என்று தெரியும். எலக்ட்ரோஸ்டேட்டிக்கில் உறுமி மேளப் பதிவு ஒன்றைப் போட்டேன். குச்சி தோலை உரசும் சத்தம் அற்புதமாக, நூல் நூலாக வந்தது. மேளம் வரவில்லை. காற்றைத் தள்ள அந்தச் சவ்வுக்குப் பலம் போதாது. சந்தையில் வாங்கிய குண்டு ஹெட்ஃபோன் இந்த ஒரு விஷயத்தில் அதை வென்றுவிடுகிறது. உடனே 'பதிவு மோசம்' என்று சொல்கிற பழக்கம் ஒன்று உண்டு. எந்த இசை ஒரு கருவியில் நன்றாக வருகிறதோ அதுவே நல்ல இசை, வராதது மட்டமான பதிவு என்று ஆகிவிடுகிறது. கூட்டத்தில், வெயிலில், உடம்போடு கேட்கிற இசை எல்லாம் இந்த வழியாகச் சத்தமில்லாமல் பட்டியலிலிருந்து கழன்றுவிடும். தனியறையில் ஒருவர் மட்டும் கேட்கக்கூடியதே மிஞ்சும். அந்த அறை யாருக்கு வாய்க்கும் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

அதனால் இந்தக் கருவியை மட்டம் என்று சொல்லமாட்டேன். இது கூர்மையான வாசகர். ஆனால் ஒரு வாசகர்தான், பிரதி அல்ல. இலக்கிய விமர்சனத்தில் இதை நாம் ஓரளவு ஒப்புக்கொண்டுவிட்டோம். யாராவது 'நான் நடுநிலை' என்று ஆரம்பித்தால் சிரிக்கிறோம். இசை பற்றி எழுதும்போது மட்டும் உணர்ச்சியின் பின்னாலோ கருவியின் பின்னாலோ போய் ஒளிந்துகொள்கிறோம். பாட்டைப் பற்றி எழுதுகிற இளையவர்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. எதில் கேட்டீர்கள், எங்கே கேட்டீர்கள், அதற்கு முன் எதைக் கேட்டுப் பழகிய காது உங்களுடையது என்று ஒரு வரி எழுதுங்கள். பேருந்தும் மழையும் இருக்கட்டும், அவையும் சார்புதான். கூடவே வில் நரம்பைத் தொட்ட சத்தத்தையும் எழுதுங்கள். அவ்வப்போது வேறொன்றை மாட்டிப் பார்ப்பதும் நல்லது. பாடகர் இன்னும் நடுவில்தான் நிற்கிறாரா என்று தெரிந்துகொள்ள வேறு வழியில்லை.