அசையும் கோடுகளின் பள்ளிகள்

செக்கனுக்கு 24 சட்டகங்கள் என்றால், பத்து நிமிட அசைவூட்டக் குறும்படத்துக்கு 14,400 சட்டகங்கள் வேண்டும். அவற்றைக் கையால் வரைந்தும் பொம்மையை மயிரிழை மயிரிழையாக நகர்த்தியும் ஆக்கியவர்கள் பலரை இன்று எவரும் நினைப்பதில்லை. ஆனாலும் அப்படங்களை ஒருமுறை கண்டவர் அவற்றைத் தேடிக்கொண்டே இருப்பார். கிடைத்த சிறு வசதிக்குள் ஒவ்வொரு பள்ளியும், அதாவது ஒரே பாணியில் இயங்கிய ஒவ்வொரு கலைஞர் குழுவும், தனக்கென ஓர் அழகை ஆக்கிக்கொண்டதே அவற்றின் ஈர்ப்பு.

பிராக் நகரின் பொம்மைப்படக் கலைஞர் ஜிரி திரின்கா பொம்மையின் முகத்தை மாற்றாமல் விட்டார். ஒளியும் கமராக் கோணமும் மாற, அசையாத முகமே அச்சமும் துயரும் காட்டும். அவரது ‘கை’ (1965), அதிகாரத்தின் பெருங்கை ஒரு கலைஞனை ஆட்டிப்படைப்பதைச் சொல்கிறது. சாகிரெப் நகரப் பள்ளி டிஸ்னியின் வழுவழுப்பான அசைவை விலக்கி, தட்டையான உருவங்களோடும் குறைந்த அசைவோடும் கதை சொன்னது. அப்பள்ளியின் துசான் வுகோதிச் ஆக்கிய ‘சுரோகாட்’ (1961) ஒஸ்கார் விருது பெற்றது.

கனடாவில் நோர்மன் மக்லாரன் கமராவே இல்லாமல் படச்சுருளின் மேல் நேரே வரைந்தார். கமராவோடு அவர் எடுத்த ‘எ செயாரி டேல்’ (1957) படத்தில் ஒரு கதிரை தன்மேல் ஓர் இளைஞனை இருக்க விடாது. அந்தப் பிணக்குக்கு ரவிசங்கரின் சித்தார் பேச்சாகிறது. சோவியத்தின் யூரி நோர்ஸ்டைன், ‘பனிமூட்டத்தில் முள்ளெலி’யில் (1975) மெல்லிய தாள் ஒன்றைக் கமராவை நோக்கி உயர்த்தியே மூடுபனியை வரவழைத்தார்.

நமக்கு அருகே, பம்பாயிலிருந்த அரசுப் பட நிறுவனமான பிலிம்ஸ் டிவிஷனில் டிஸ்னிக் கலைஞர் கிளேர் வீக்ஸ் 1956இல் பயிற்சி கொடுக்க வந்தார். ‘பேனியன் டியர்’ (1957) என்ற ஜாதகக்கதைப் படம் அங்கே பிறந்தது. ராம் மோகன் அங்கே அசைவூட்டக் கலைஞராக வளர்ந்தார். திரின்காவிடம் பயின்ற பிரமோத் பதி, ஓவியர் ஆபித் சுர்தியையே பொம்மைபோல் சட்டகம் சட்டகமாக நகர்த்தி ‘ஆபித்’ எடுத்தார்.

இப்படங்களை அளக்க மூன்று கேள்விகள் போதும். அசைவுக்குக் காரணம் உண்டா? படத்தை ஆக்கிய பொருள் மறையாமல், மரம் மரமாகவும் தாள் தாளாகவும் தெரிகிறதா? ஒலி, படம் காட்டியதையே திரும்பச் சொல்லாமல் புதிதாக ஒன்றைச் சொல்கிறதா? வழுவழுப்பை மட்டும் தேர்ச்சியாகக் கொண்டால் திரின்காவும் நோர்ஸ்டைனும் தோற்றுப்போவார்கள். அந்த அளவுகோல் பிழையானது.

பரந்தன்–முல்லைத்தீவு வீதியிலுள்ள நமது தர்மபுரத்தில் களிமண்ணுக்கும் பனையோலைக்கும் குறைவில்லை, கைத்தொலைபேசியே கமராவாகும். நம் மாணவருக்கு இப்படங்களைப் போட்டுக் காட்டுவோம். பெரிய கலையகம் வரட்டும் என்று காத்திராமல், கையிலுள்ள பொருளிலிருந்தே தம் பள்ளியைத் தொடங்கலாம் என்பதை அவர்கள் தாமே கண்டுகொள்வார்கள்.