விசிலும் சுண்ணாம்புப் பொடியும்

கோடை விடுமுறையில் நாமக்கல்லில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பயிற்சி முகாம் நடக்கும். அதை நடத்தும் பயிற்சியாளர்களை எனக்குப் பிடிக்கும். வேலை சில வாரம்தான். வெயில் ஏறுமுன் வந்து, கயிறு கட்டி, சுண்ணாம்புப் பொடியால் கபடிக் கோடு போடுவார்கள். ஆனால் கைத்திறன் தெரிவது அணி பிரிக்கும்போது: சூரப்புலியையும் கூச்சக்காரனையும் ஒரே பக்கம் நிறுத்தி, இருவரையும் ஆட வைப்பது லேசுப்பட்ட காரியமா!

கொல்லிமலையின் தேவனூர் நாட்டுப் பிள்ளைகள் அங்கே போக, காரவள்ளி வழியென்றால் 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டும். தினமும் நடக்கிற கதையா? ஆடி 17, 18இல் வல்வில் ஓரி விழாவுக்கு மலையிலேயே வில்வித்தைப் போட்டி வைக்கிறார்கள். அதுபோலவே, மே மாதம் தேவனூர் நாட்டுக்கும் விசிலோடு ஒரு பயிற்சியாளரை அனுப்புங்கள்.