முன்னச்சை அறுப்பதற்கு முன்

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகிறவர் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்ட வேண்டும். ஒரு வண்டியின் முன்பக்க சஸ்பென்ஷனைச் சோதிக்க டெல்டாவில் இதைவிட நல்ல சாலை எனக்குத் தெரியவில்லை. பாலத்தில் ஏறும் இடத்தில் ஓர் இடி, நடுவில் இணைப்புகளில் சின்னச் சின்ன அதிர்வு, இறங்கும்போது மறுபடியும் ஓர் இடி. பழைய மகிந்திரா ஜீப் சேஸிஸில் பின்னால் தொட்டி கட்டிய பிக்கப்பை ஓட்டுகிறவர்களுக்கு இந்தச் சாலை மணிக்கட்டிலும் முதுகிலும் பதிந்திருக்கும்.

அந்தப் பிக்கப்புகள் இன்னும் நம் ஊர்களில் ஓடுகின்றன. தாத்தா வாங்கியது, அப்பா ஓட்டியது என்று விற்க மனமில்லாமல் வைத்திருக்கிறார்கள். அவர்களில் பலர் இப்போது கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "முன்னாடி பட்டையைக் கழற்றிப்போட்டுட்டு காயில் ஸ்பிரிங் வச்சுடலாமா?" இதற்குப் பதில் சொல்ல மூன்று வண்டிகளை எடுத்துக்கொண்டேன். ஒன்று, ஒரத்தநாடு பக்கம் தென்னந்தோப்பும் வயலும் வைத்திருக்கும் நண்பருடையது. முன்னச்சை எடுத்துவிட்டு ஐ.எஃப்.எஸ். (முன்சக்கரங்கள் தனித்தனியாக ஆடும் சஸ்பென்ஷன்) பொருத்திய டூவீல் டிரைவ் ஜீப் பிக்கப். அதை அவர் தன் நிலத்துக்குள் மட்டுமே ஓட்டுகிறார், நானும் அங்கேதான் ஓட்டினேன். இரண்டாவது, அதே வகைப் பிக்கப், கமான் பட்டைகளோடு. பட்டறையில் முன்பக்கம் முழுதும் புதுப்பித்தது. மூன்றாவது, கம்பெனியிலிருந்தே காயில் ஸ்பிரிங்கோடு வந்த பொலிரோ. பின்னிரண்டையும் ஐந்து பாலச் சாலையில் மாற்றி மாற்றி ஓட்டினேன்.

பழைய ஜீப்பில் இரண்டு முன்சக்கரங்களையும் ஒரே இரும்புத் தண்டு இணைக்கிறது. இடது சக்கரம் கல்லில் ஏறினால் தண்டு சாயும், வலது சக்கரமும் சேர்ந்து சாயும், ஸ்டியரிங் ஒரு வெட்டு வெட்டும். ஐ.எஃப்.எஸ்.ஸில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே ஓர் ஆர்ம், கீழே ஓர் ஆர்ம், நடுவில் சுருள் ஸ்பிரிங். மேல் ஆர்ம் குட்டையாகவும் கீழ் ஆர்ம் நீளமாகவும் இருப்பதால் சக்கரம் மேலே போகும்போதும் டயர் சாலையை ஒழுங்காகப் பிடிக்கும். நமக்கு இது புதிதல்ல. அம்பாசிடரின் முன்சக்கரங்கள் டார்ஷன் பார் வைத்துத் தனித்தனியாகவே ஆடின. மிராசுதார் வீட்டுக் கார் மெத்தென்று போனதற்கு அதுவும் ஒரு காரணம். 2010இல் வந்த மகிந்திரா தாரின் சி.ஆர்.டி.இ. மாடலிலும் முன்னால் டார்ஷன் பார், பின்னால் பட்டை.

கம்பெனி செய்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்பதை பொலிரோ காட்டியது. வெண்ணாற்றுப் பாலத்தில் ஏறும் இடத்தில் பிரேக்கைத் தொடவே தோன்றவில்லை. ஒரு சக்கரம் மட்டும் குழியில் விழுந்தபோது வண்டியின் உடல் அசையாமல் போனது. பட்டை வண்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் இதை எட்டாது.

நண்பரின் வண்டிக்கு வருகிறேன். பழைய இரும்புக்கடையில் கிடைத்த ஒரு பொலிரோவின் முன்பக்க கிராஸ் மெம்பரையும் ஆர்ம்களையும் கொண்டுவந்து ஜீப் சேஸிஸில் வெல்டிங் செய்திருக்கிறார்கள். வெல்டிங்கில் எனக்குக் குறை தெரியவில்லை; சேஸிஸின் இரண்டு பக்கமும் பிளேட் வைத்துப் பெட்டியாக்கி, பற்று சீராக ஓடியிருக்கிறது. பொலிரோ ஜீப்பைவிட அகலம். அப்படியே வைத்தால் சக்கரங்கள் மட்கார்டுக்கு வெளியே நிற்கும் என்று கிராஸ் மெம்பரை நடுவில் அறுத்துக் குறுக்கியிருக்கிறார்கள். பார்வைக்கு அழகாகிவிட்டது. ஆனால் பொருத்திய ஸ்டியரிங் ரேக் வேறொரு காருடையது, அதன் அகலம் அப்படியே இருக்கிறது.

சக்கரத்தைத் திருப்பும் டை ராடின் உள்முனை, ஆர்ம்கள் மடங்கும் புள்ளிகளின் நேரில் இருக்க வேண்டும். அப்போதுதான் சக்கரம் ஏறி இறங்கும்போது ஆர்மும் ராடும் ஒரே வளைவில் போகும். இல்லையென்றால் ஒவ்வொரு மேட்டிலும் சக்கரம் தானாகத் திரும்பும். இதைக் கண்ணால் பார்க்க ஒரு பக்கத்துச் சுருளைக் கழற்றி, சேஸிஸை முட்டுக்கொடுத்து நிறுத்தி, சக்கரத்தை ஜாக்கியால் மெல்ல ஏற்றினோம். பக்கவாட்டில் கட்டிய நூலிலிருந்து டயரின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் உள்ள தூரத்தை டேப்பில் அளந்தோம். மூன்று அங்குலம் ஏற்றுவதற்குள் அந்த இரண்டு தூரங்களின் வித்தியாசம், அதாவது டோ, 11 மில்லிமீட்டர் மாறிவிட்டது. ஸ்டியரிங்கை யாரும் தொடவில்லை. சரியாக அமைந்த வண்டியில் இந்த மாற்றம் மிகச் சிறிதாகவே இருக்கும்.

ஓட்டும்போது இது எப்படித் தெரிகிறது? தோப்புக்குள் தென்னை வேர் மேல் மெதுவாகப் போகும்போது சொர்க்கம்தான், அதை மறுக்க மாட்டேன். தண்ணீர்க் குழாய் மேட்டில் ஒரு சக்கரம் ஏறி இறங்குவது இருக்கையில் தெரிவதே இல்லை. வாய்க்கால் மதகைக் கொஞ்சம் வேகமாகத் தாண்டினால் மூக்கு தாழும் நேரத்தில் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது. மணிக்கு 30 கிலோமீட்டரில் கையால் சமாளிக்கலாம். கல்லணைக் கால்வாய்க் கரைச் சாலையில் எதிரே டிராக்டர் வரும்போது இப்படி இழுத்தால் என்ன ஆகும் என்பதை நினைத்துப் பார்க்கவே வேண்டாம்.

பாரம் ஏற்றினால் இன்னொரு சிக்கல். 40 கிலோ நெல் மூட்டைகளில் இருபதைத் தொட்டியில் அடுக்கி, வயலிலிருந்து களத்துக்குக் கொண்டுபோனேன். பாரம் பின்னச்சுக்குப் பின்னால் தள்ளி விழுந்தால் முன்பக்கம் மேலே எழும்புகிறது, ஆர்ம்கள் கீழே தொங்குகின்றன, டோ மாறுகிறது. காலி வண்டியில் வைத்த அலைன்மென்ட் மூட்டை ஏறியதும் செல்லாது. பட்டை வண்டியில் இரண்டு சக்கரத்துக்கும் நடுவே ஒரே டை ராட். மூட்டை ஏறினாலும் இறங்கினாலும் டோ மாறாது. சரக்கு ஏற்றும் வண்டிகளில் தண்டு அச்சு இத்தனை காலம் நிலைத்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். சுஸுகி ஜிம்னியில்கூட இன்றும் முன்னால் தண்டு அச்சுதான், சுருளோடு.

அடுத்து தரை இடைவெளி. தாளடி அறுவடை சமயத்தில் செயின் போட்ட அறுவடை மிஷின் போன தடத்தில் வண்டியை விட்டுப் பாருங்கள். தண்டு அச்சு சக்கரத்தோடு சேர்ந்தே ஏறி இறங்குவதால் அதன் அடிக்கும் தரைக்கும் உள்ள தூரம் மாறாது. ஐ.எஃப்.எஸ்.ஸின் கிராஸ் மெம்பர் சேஸிஸோடு இறங்கும். தடத்தின் நடுவில் நிற்கும் மண்முகட்டில் நண்பரின் வண்டி இரண்டு இடத்தில் வயிற்றால் உரசியது. கீழே படுத்துப் பார்த்தபோது இடது கீழ் பால் ஜாயின்டின் ரப்பர் உறை கிழிந்து, உள்ளே கிரீஸோடு சேறும் வைக்கோல் துணுக்கும் கலந்திருந்தது. நான்கு பால் ஜாயின்ட், எட்டு ஆர்ம் புஷ். வருடத்தில் பல மாதம் சேற்றில் நிற்கும் வண்டியில் இத்தனையையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் 1953 முதல் 1956 வரை வந்த ஃபோர்டு எஃப்-100 பிக்கப்புகளில் இப்படி ஐ.எஃப்.எஸ். பொருத்தும் வேலையை நிறையச் செய்கிறார்கள். 1974 முதல் 1978 வரை வந்த மஸ்டாங் டூவின் முன்பகுதியைத் தழுவி, அந்தந்த சேஸிஸுக்கென்றே கணக்கிட்டுச் செய்த கிட்டுகள் அங்கே கடையில் கிடைக்கின்றன. கிராஸ் மெம்பரும் ரேக்கும் ஒன்றுக்கொன்று பொருந்தி வரும். அந்த வண்டிகளில் பெரும்பாலானவை இன்று மூட்டை சுமப்பதும் இல்லை. நம் ஊரில் கணக்கு இல்லாமல் கட்டர்தான் முதலில் வருகிறது.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சரக்கு வண்டியாகப் பதிவானது எட்டு வயதைத் தாண்டினால் ஆண்டுதோறும் எஃப்.சி.க்குப் போக வேண்டும். அங்கே இது மறையாது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரிக்கவும் இது காரணமாகலாம். 50 வயதைத் தாண்டிய சொந்த உபயோக வண்டிகளுக்கு 2021 முதல் "வி.ஏ." என்ற எழுத்துகளோடு விண்டேஜ் பதிவு கிடைக்கிறது. அதற்கு சேஸிஸ், பாடி, இன்ஜின் எல்லாம் அசல் வடிவில் இருக்க வேண்டும். சேஸிஸை வெட்டி ஒட்டினால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

இப்போது இரண்டாவது வண்டி, எனக்கு மிகவும் பிடித்தது. பட்டைகளைப் பிரித்துப் போட்டபோது இலைகள் துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. கமான் பட்டறைப் பெரியவர் அதைச் சுத்தியலால் தட்டிக் காட்டி, "இது ஸ்பிரிங்கே இல்ல தம்பி, வெறும் இரும்புக்கட்ட" என்றார். அப்படி ஒட்டிய பட்டை சின்ன மேட்டுக்கு வளையவே வளையாது, அடி நேராக சேஸிஸுக்குப் போகும். நாம் பட்டை வண்டியின் குணம் என்று நினைத்திருக்கும் கரடுமுரடில் பெரும்பங்கு இந்தத் துருதான்.

விரிசல் விட்ட இரண்டாம் இலையை மாற்றி, வளைவு ஏற்றி, இலைகளுக்கு நடுவே கிராஃபைட் கிரீஸ் பூசினார்கள். ஷேக்கிள் புஷ், சென்டர் போல்ட், யூ போல்ட் எல்லாம் புதிது. லேத்தில் கிங்பின் புஷ் ரீமர் போட்டு ஆட்டத்தை எடுத்தார்கள். ஷாக் அப்சர்பரும் மாற்றினார்கள். பழையதைக் கையால் அமுக்கினாலே உள்ளே போனது. செலவு, நண்பர் ஐ.எஃப்.எஸ்.ஸுக்குக் கொடுத்ததில் சிறு பங்கு.

குடமுருட்டிப் பாலத்தில் ஸ்டியரிங் கையை உதறும் பழைய வழக்கம் நின்றுவிட்டது. பாலத்தின் இணைப்புகள் தெரிகின்றன, ஆனால் வலிக்கவில்லை. ஒரு பக்கக் குழியில் விழுந்தால் உடல் ஆடுவது இருக்கத்தான் செய்கிறது. அது தண்டு அச்சின் இயல்பு, எந்தப் பட்டறையும் அதை எடுக்க முடியாது.

என் தீர்ப்பு இதுதான். நெல் மூட்டை சுமக்கும், சாலையில் ஓடும் பழைய பிக்கப்புக்கு வெளியிலிருந்து ஐ.எஃப்.எஸ். பொருத்த வேண்டாம். முதலில் கமான் பட்டறைக்குப் போங்கள். பட்டை, புஷ், கிங்பின், ஷாக் அப்சர்பர் என்ற வரிசையில் பாருங்கள். அதற்குப் பிறகும் முதுகு ஒத்துக்கொள்ளவில்லை என்றால், கம்பெனியிலேயே ஐ.எஃப்.எஸ்.ஸோடு வந்த செகண்ட் ஹேண்ட் வண்டி ஒன்றைப் பயணத்துக்கு வாங்கிக்கொண்டு, தாத்தாவின் பிக்கப்பை அதன் பட்டைகளோடு வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே மாற்றிவிட்டவர்கள், தோப்புக்குள் ஓட்டுவதாக இருந்தாலும், சுருளைக் கழற்றி டோவை ஒருமுறை அளந்து பாருங்கள்.