கம்பனைக் குறை சொல்லப் போனவர்

'வனவாசம்' படிக்காதவர்களுக்கும் அதில் வரும் மோதிரக் கதை தெரியும். 1959 சென்னை மாநகராட்சித் தேர்தலில் தி.மு.க. வென்ற பிறகு நடந்த பாராட்டுக் கூட்டத்தில் அண்ணா கருணாநிதிக்கு ஒரு மோதிரம் அணிவிக்கிறார். அந்த மோதிரத்தைக் கருணாநிதியே வாங்கி அண்ணாவிடம் கொடுத்து வைத்திருந்தார் என்று கண்ணதாசன் எழுதுகிறார். தேர்தல் வந்தால் இந்தப் பக்கம் மட்டும் போட்டோவாக வாட்ஸப்பில் சுற்ற ஆரம்பிக்கும். ஒரு தரப்பு "பாத்தியா?" என்கும். இன்னொரு தரப்பு "வயித்தெரிச்சல்ல எழுதினது" என்கும். அதோடு இரண்டு தரப்பும் புத்தகத்தை மூடிவிடும்.

கோவிலம்பாக்கத்தில் நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மொட்டை மாடியில் கூடிப் புத்தகம் பேசுகிறோம். கீழே மேடவாக்கம் மெயின் ரோடு, அதில் மெட்ரோ வேலை. கத்தித்தான் பேச வேண்டும். எங்கள் விவாதங்கள் சூடாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இந்த முறை 'வனவாசம்' என்று சொன்னது, பத்து வருஷம் ஒரு கட்சிக்குப் போஸ்டர் ஒட்டி, பூத் ஏஜென்டாக உட்கார்ந்து, போன தேர்தலுக்குப் பிறகு விலகிய ஒரு நண்பன். கூடவே வளர்ந்தவர்கள் "எவ்வளவுடா வாங்கின?" என்று கேட்டுவிட்டுக் குழுவிலிருந்து அவனை நீக்கினார்கள். தங்கச்சி கல்யாணத்துக்கும் வரவில்லை. எதிர்த்தரப்பு ஆட்கள் வரவேற்றார்கள், ஆனால் பழைய கட்சியைத் திட்டி ஒரு வீடியோ போடச் சொன்னார்கள். அவனுக்கு இரண்டுமே ஒப்பவில்லை. "கண்ணதாசன் எப்படித்தான் சமாளிச்சாருன்னு பாக்கலாம்டா" என்றான்.

அவனுக்கு அந்தப் புத்தகம் உதவியதா என்றால், பாதிதான். அந்தப் பாதியைப் பற்றியும் மீதியைப் பற்றியும்தான் இந்தக் கட்டுரை.

கண்ணதாசன் இதில் தன்னை 'நான்' என்று சொல்வதில்லை, 'அவன்' என்றே சொல்கிறார். தமிழ்த் தன்வரலாறுகளில் அபூர்வமான உத்தி. குடி, பெண்கள், கடன், ஏமாந்தது, ஏமாற்றியது என்று எதையும் ஒளிக்கவில்லை. இன்றைக்கு ஒரு பிரபலம் இதில் பத்தில் ஒரு பங்கு எழுதினாலும் ஒரு வாரம் ட்ரெண்டிங்கில் இருப்பார். ஆனால் இந்த 'அவன்' ஒரு வசதியும் கூட. தப்புகள் எல்லாம் அவன் கணக்கில் ஏறிவிடுகின்றன. எழுதுகிற கண்ணதாசன் கரையேறி, தலை துவட்டி உட்கார்ந்திருக்கிறார். பழைய தன்னைச் சந்தேகிக்கிற அளவுக்குப் புதிய தன்னை அவர் சந்தேகிப்பதில்லை.

தலைப்பையே பாருங்கள். ராமாயணத்தைக் கொளுத்தச் சொன்ன ஓர் இயக்கத்தில் கழிந்த ஆண்டுகளுக்கு ராமாயணத்திலிருந்தே பெயர். குறும்பு என்று ரசிக்கலாம், நான் ரசித்தேன். ஆனால் அந்தக் காலம் காடு என்றால் அதற்கப்புறம் வந்தது அயோத்தியா? 1961-ல் ஈ.வெ.கி. சம்பத்தோடு வெளியேறி அவர்கள் தொடங்கிய தமிழ்த் தேசியக் கட்சி 1964-ல் காங்கிரஸில் கரைந்தது. பிறகு அவரே 'மனவாசம்' எழுத வேண்டியிருந்தது.

என் பெரிய குறை வேறு. 1953-ல் டால்மியாபுரம் என்ற பெயரைக் கல்லக்குடி என்று மாற்றக் கேட்டு நடந்த போராட்டத்தில் சிறைக்குப் போனவர் கண்ணதாசன். ஒரு ரயில் நிலையத்தின் பெயர்ப் பலகைக்காக ஓர் இளைஞன் ஏன் ஜெயிலுக்குப் போகிறான்? அவன் நம்பியது என்ன? அந்த நம்பிக்கையில் எது உண்மை, எது பொய் என்று பின்னால் தோன்றியது? வாசகனாக எனக்கு இதுதான் வேண்டும். புத்தகத்திலோ போராட்டத்தின் பெயர் யாருக்குப் போனது, யார் யாரை முந்தினார்கள் என்ற கணக்குதான் மேலோங்கி நிற்கிறது. 1949-ல் வந்த 'தி காட் தட் ஃபெயில்டு' தொகுப்பில் ஆர்தர் கோஸ்லர், சிலோனே, ரிச்சர்ட் ரைட் உட்பட ஆறு எழுத்தாளர்கள் தாங்கள் கம்யூனிசத்தை விட்ட கதையைச் சொன்னார்கள். அதைப் படித்து முடிக்கும்போது, புத்திசாலியான ஒருவர் அந்தக் காலத்தில் ஏன் கம்யூனிஸ்ட் ஆனார் என்பதும் புரிந்துவிடும். 'வனவாசம்' படித்தால் கண்ணதாசன் ஏன் தி.மு.க.வை விட்டார் என்று புரிகிறது. ஏன் சேர்ந்தார் என்பது மங்கலாகவே இருக்கிறது, ஏதோ வயசுக் கோளாறு மாதிரி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சம்பத் விலகியபோது அவர் வைத்த வாதம், திராவிட நாடு நடைமுறைக்கு ஒத்துவராது என்பது. அது துரோகமாகப் பார்க்கப்பட்டது. 1962-ல் சீனப் போர், 1963-ல் பிரிவினைக்கு எதிரான 16-ஆவது அரசியல் சட்டத் திருத்தம். அதே 1963-ல் தி.மு.க.வும் அந்தக் கோரிக்கையைக் கைவிட்டது. பிரிவினை கேட்டதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்றார் அண்ணா. இரண்டு வருஷம் முன்னால் தனியாக மாறினால் துரோகம், கட்சியோடு சேர்ந்து மாறினால் ராஜதந்திரம். இதைச் சொன்னதும் மாடியில் ஒரு தோழர் கோபப்பட்டார். "சட்டம் வந்து கழுத்தை நெரிச்சதால மாறுனதும், மனசு மாறுனதும் ஒண்ணா?" சரியான கேள்விதான். ஒண்ணு இல்லை. ஆனால் வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு எது எது என்று தெரிவதில்லை. அதனால்தான் மாறியவர் காரணத்தை விளக்கி எழுத வேண்டியிருக்கிறது.

கண்ணதாசன் அப்படி விளக்கிய இடம் 'வனவாச'த்தில் இல்லை. 'அர்த்தமுள்ள இந்து மத'த்தில் இருக்கிறது. அண்ணா கம்பனைத் தாக்கி எழுதிய காலத்தில், தானும் குறை கண்டுபிடிக்கலாம் என்று கம்பராமாயணத்தைக் கையில் எடுத்ததாகவும், படிக்கப் படிக்கக் கம்பனிடமே மாட்டிக்கொண்டதாகவும் சொல்கிறார். கொஞ்ச வரிகள்தான். என்னைக் கேட்டால் அவருடைய அரசியல் வாழ்க்கை முழுவதிலும் உயர்ந்த தருணம் இதுதான். மோதிரமோ பதவியோ அவமானமோ இங்கே வேலை செய்யவில்லை. எதிரியின் புத்தகத்தை எதிரியாகவே திறந்து, அது தன்னைத் தொட்டபோது தொடவில்லை என்று நடிக்காத ஒரு வாசகர் இருக்கிறார், அவ்வளவுதான். அவர் போய்ச் சேர்ந்த ஆத்திகத்தில் எனக்கு ஒட்டுதல் கிடையாது. போன வழியில் உண்டு. அந்த ராத்திரிகளைப் பற்றி, எந்தப் பாட்டில் தடுக்கியது, எந்தப் பக்கத்தில் எரிச்சல் தணிந்தது என்று ஒரு புத்தகமே எழுதியிருக்கலாம். மோதிரத்துக்குக் கிடைத்த இடம் கம்பனுக்குக் கிடைக்காமல் போய்விட்டது.

இந்த இடத்தில் ஜெயகாந்தனின் 'ஓர் இலக்கியவாதியின் அரசியல் அனுபவங்கள்' ஞாபகம் வருவது இயல்பு. பையனாகக் கம்யூனிஸ்ட் கட்சி கம்யூனில் வளர்ந்தவர், பிற்பாடு காமராஜர் பக்கம் போனார். ஆனால் அந்த கம்யூனை அவர் காடு என்று சொல்லவில்லை. ஜீவா பற்றிய பிரியம் கட்சியை விட்ட பிறகும் குறையவில்லை. விட்டுப்போன வீட்டைப் பற்றி இப்படியும் எழுத முடியும். ஜெயகாந்தனுக்கு வேறு நோய்: திராவிட இயக்கம் என்று வந்தால் கதவு முதலிலிருந்து கடைசிவரை சாத்தியே இருந்தது. அந்த மேடைகளில் கூடிய ஜனங்களுக்கு அங்கே என்ன கிடைத்தது என்று கேட்கிற பொறுமை, சேரி மனிதர்களைப் பற்றி அவ்வளவு எழுதிய அவரிடம் இல்லை.

நண்பன் புத்தகத்தை முடித்துவிட்டு வந்து சொன்னது: "அவரு யார் யார் என்ன செஞ்சாங்கன்னு சொல்றாரு. எனக்கு அப்படி யார் மேலயும் கோவம் இல்லையே. நான் என்னத்த எழுதுவேன்?" அவன் மாறியது தொழிலாளர் சட்டம் பற்றிய ஒரு விஷயத்தில், மூன்று மாதம் படித்து. இதைச் சொன்னால் எந்தப் பக்கமும் நம்ப மாட்டேன் என்கிறது. படித்து மாறினேன் என்பதைவிடப் பணம் வாங்கினேன் என்று சொன்னால் ஊரில் மதிப்பு அதிகம் போலிருக்கிறது.

கண்ணதாசன் எம்.ஜி.ஆரையும் விட்டு வைக்கவில்லை, மிகக் கடுமையாக எழுதியிருக்கிறார். அதே எம்.ஜி.ஆர். 1978-ல் முதலமைச்சராக இருந்துகொண்டு அவரை அரசவைக் கவிஞர் ஆக்கினார். அந்தக் காரியத்துக்கு எவ்வளவு கைதட்டினாலும் தகும். கடைசிக் காலத்தில் இந்து மதத்தின் அர்த்தம் சொன்ன அதே கை 'இயேசு காவியம்' எழுதியது. இன்னொருவரின் வேதத்துக்குள் நுழைந்து அவர்கள் வாயாலேயே பேசிப் பார்க்கிற துணிச்சல் அவரிடம் கடைசிவரை இருந்தது. அந்த உட்காரலில் ஒரு பங்கைத் தன் இருபது வயதுக்கும், அந்த வயதில் தன்னை இழுத்த பெரியாருக்கும் 'வனவாச'த்தில் கொடுத்திருந்தால், எங்கள் மாடியில் அந்த ஞாயிற்றுக்கிழமை பேச்சு மோதிரத்திலேயே போயிருக்காது.