இரட்டைச் சுருளும் ஊவாவின் பரம்பரையும்

விஞ்ஞான வரலாற்றை வீரர்களின் கதையாக எழுதும் வழக்கம் பழையது. 1968-இல் வெளிவந்த ஜேம்ஸ் வாட்சனின் ‘இரட்டைச் சுருள்’ அவ்வழக்கத்தின் சுவைமிக்க உதாரணம். நூல் விறுவிறுப்பானது, மறுப்பதற்கில்லை. ஆயினும் படித்து முடித்தவர் உள்ளத்தில் எஞ்சுவது யாது? இரு இளைஞர் பந்தயம் ஓடி உயிரின் இரகசியத்தைக் கைப்பற்றினர் என்ற எண்ணமே. பதுளையிலும் பசறையிலும் பாடம் சொல்லும் ஆசிரியர் இதனை அப்படியே வகுப்பறைக்குக் கொண்டு செல்லலாமா என்பதே நம் கேள்வி.

1869-இல் மீஷர், காயக்கட்டுகளின் சீழிலிருந்து ஒரு புதிய பொருளைப் பிரித்தெடுத்தார். 1928-இல் இலண்டனில் கிரிபித், வெப்பத்தால் கொன்ற நச்சுக்கிருமிகளை உயிருள்ள தீங்கற்ற கிருமிகளுடன் கலந்து எலிகளுக்கு ஏற்றினார். எலிகள் மாண்டன, அவற்றின் உடலில் நச்சுக்கிருமிகள் உயிருடன் இருந்தன. மாண்டதன் குணம் வாழ்வதற்குச் சென்றது எவ்வாறு? 1944-இல் நியூயோர்க்கில் ஏவரி, மக்லியோட், மக்கார்ட்டி மூவரும் விடை கண்டனர். புரதத்தைச் சிதைக்கும் நொதியத்தை இட்டபோதும் மாற்றம் நிகழ்ந்தது, டி.என்.ஏ.யைச் சிதைக்கும் நொதியத்தை இட்டதும் நின்றது. பரம்பரையின் பொருள் புரதமே என்று பலர் நம்பியிருந்த காலம் அது. 1952-இல் ஹேர்ஷி, சேஸ் இருவரின் சோதனை அந்நம்பிக்கையைத் தளர்த்தியது. 1953-இல்தான் சுருளின் வடிவம் வெளியாயிற்று.

ஏவரிக்கு நோபல் பரிசு கிட்டவில்லை. ரொசலின்ட் பிராங்ளினின் ஆய்வில் எடுக்கப்பட்ட எக்ஸ்-கதிர்ப் படம் அவர் அறியாமலே வாட்சனுக்குக் காட்டப்பட்டது. 1958-இல், 37 வயதில், அவர் மறைந்தார். 1962-இல் பரிசு வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவருக்கும் சென்றது. வாட்சனின் நூலிலோ அவர் சிடுசிடுப்பான பெண்ணாகவே உலவுகிறார். பின்னுரையில் வரும் பாராட்டு அச்சித்திரத்தை அழிக்கப் போதாது. கொழுந்தெடுத்த கை மறைய, பெட்டியின்மேல் கம்பெனிப் பெயர் மட்டும் நிற்பதைக் கண்டு பழகிய ஊவா வாசகருக்கு இந்த அநீதியை விளக்க வேண்டியதில்லை.

இதனினும் முக்கியமானது ‘பரம்பரை’ என்ற சொல். தோட்டத்துப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாதது அதன் பரம்பரை என்று கூறுவோர் இன்றும் உளர். அவர்களுக்கு மலையே மறுமொழி கூறுகிறது. தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் தேர்ந்தெடுத்த ஒரு செடியின் துண்டங்களைத் தவறணையில் வளர்த்துப் பல தோட்டங்களில் நடுகின்றனர். தாய்ச்செடியின் டி.என்.ஏ.யே எல்லாவற்றிலும் உள்ளது. ஆயினும் ஊவாவுக்குப் பேர்போன மணம், ஜூலை முதல் செப்டம்பர் வரை வறண்ட கச்சான் காற்று வீசும்போதுதான் கொழுந்தில் ஏறுகிறது. செடிக்கே மண்ணும் காற்றும் பருவமும் வேண்டுமெனில், மனிதக் குழந்தைக்குப் பள்ளிக்கூடமும் உணவும் வீடும் வேண்டாவோ?

சட்டமும் ஒருவகைப் பரம்பரையைப் படைத்தது. 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ், இங்கேயே பிறந்த தொழிலாளியும் வம்சாவளிப் பிரஜையாவதற்குத் தன் தந்தை இங்கு பிறந்ததை, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்ததை நிறுவ வேண்டியிருந்தது. லயத்து மக்களில் எத்தனை பேரிடம் அத்தகைய பத்திரம் இருந்திருக்கும்? எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003-ஆம் ஆண்டின் சட்டமே வழி திறந்தது. அப்பரம்பரை எழுதப்பட்டது உயிரணுவில் அன்று, அதிகாரியின் ஏட்டில்.

வாட்சனே பிற்காலத்தில் இந்த மயக்கத்துக்கு இரையானார். ஆபிரிக்க மக்களின் அறிவாற்றலைத் தாழ்த்தி 2007-இல் அவர் கூறியவை கண்டனத்துக்கு உள்ளாயின. பின்னும் அக்கருத்தை அவர் கைவிடாமையால் 2019-இல் அவருடைய ஆய்வகமே கௌரவப் பட்டங்களைப் பறித்தது. பெரும் கண்டுபிடிப்பில் பங்கு கொண்டவர் அதன் பொருளைத் தவறாகவும் படிக்கலாம்.

ஆகவே ஆசிரியர்கள் இந்நூலைத் தள்ள வேண்டியதில்லை. தனியே கொடுக்காதிருந்தால் போதும். கிரிபித்தின் எலிகளையும் ஏவரியின் நொதியங்களையும் பிராங்ளினின் படத்தையும் சேர்த்தே கற்பியுங்கள். ஒரு முடிவை எட்டுமுன் எத்தனை வழிகளில் சோதிக்க வேண்டும் என்று கற்ற மாணவர், ‘உன் பரம்பரை இவ்வளவே’ என்று எவரேனும் சொன்னால், ‘சான்று எங்கே?’ என்று கேட்பார்.