பிறவிக் கடலும் மீளாப் பயணமும்: இரட்சணிய யாத்திரிகத்தின் வாழ்க்கை நோக்கு

தமிழ்க் கிறித்தவ இலக்கிய ஆய்வுகளில் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) பெரிதும் இரு வகையாக மதிப்பிடப்பட்டு வருகிறார். ஒரு சாரார் அவரைக் ‘கிறித்தவக் கம்பர்’ எனப் பாராட்டி, கம்பனின் சொல்லாட்சியும் சந்தமும் வருணனையும் இரட்சணிய யாத்திரிகத்தில் எங்கெங்குப் பயில்கின்றன எனத் தொகுப்பர். மற்றொரு சாரார் ஜான் பனியனின் ஆங்கில நூலை (1678) அருகில் வைத்து, கொண்டன எவை, விட்டன எவை என ஒப்பிடுவர். இரண்டும் தேவையான பணிகளே. ஆயினும் முப்பது அகவை வரை வைணவராக வாழ்ந்த ஒருவர் கிறித்தவரான பின் வாழ்க்கையை வேறாகக் கண்டாரா, கண்டார் எனில் அவ்வேறுபாடு கவிதையில் எங்கே புலப்படுகிறது என்னும் வினா இவற்றுக்கிடையே நழுவிவிடுகிறது. சொற்களில் தேடினால் விடை கிடைப்பது அரிது. சொற்கள் பெரும்பாலும் பழையவை. பிறப்பு, வினை என்னும் இரு கருத்துகள் காப்பியத்தில் அடையும் திருப்பத்திலேயே அதனைக் காண இயலும்.

மதுரையில் எழுந்த வாதம்

இத்திருப்பம் கிருஷ்ணபிள்ளையிடம் தொடங்கியதன்று. 1606இல் மதுரைக்கு வந்து, காவியுடுத்து, புலால் நீக்கி, தத்துவ போதகர் என அறியப்பட்ட இராபர்ட் தெ நொபிலி, தமிழரிடையே கிறித்தவம் எதிர்கொண்ட முதன்மையான தத்துவச் சிக்கல் மறுபிறப்புக் கொள்கை என்பதை உணர்ந்திருந்தார். ‘புனர்ஜென்ம ஆட்சேபம்’ என்று தனி நூலே எழுதியமை அதற்குச் சான்று. மனிதனுக்கு வாய்த்தது ஒரே பிறப்பு. அவன் இன்றைய நிலைக்கு முற்பிறவி காரணமன்று என்பதே அதன் சாரம். ஆனால் அது தருக்க நூல். எதிராளியை மடக்குவது அதன் நோக்கம்; ஒரே பிறப்பு என்று நம்பத் தொடங்கிய மனிதனுக்கு நாளும் பொழுதும் எவ்வாறு மாறித் தோன்றும் என்பதை அது சொல்வதில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் அவரும் இல்லை. அவர் அந்நம்பிக்கையிலேயே பிறந்து வளர்ந்தவர்.

நெல்லைச் சீமையின் கரையிருப்பில், கம்பராமாயணத்தில் தோய்ந்த தந்தைக்கு மகனாகப் பிறந்த கிருஷ்ணபிள்ளையின் நிலை வேறு. 1853இல் சாயர்புரத்தில் தமிழாசிரியராகச் சேர்ந்தபோதும் அவர் வைணவரே. 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். நொபிலி வாதமாக முன்வைத்ததை இவர் வாழ்ந்து கடக்க வேண்டியிருந்தது. ‘நற்போதகம்’ இதழில் தொடராக வெளிவந்து 1894இல் நூலான யாத்திரிகத்தில் அக்கடத்தலின் தடம் பதிந்துள்ளது.

கடல், வழி, சுமை

பிறவியைக் கடலாகக் காண்பது குறளிலேயே வேரூன்றி, ஆழ்வார் நாயன்மார் பாடல்களில் தழைத்த உருவகம். கடலுக்கு வழியில்லை, அதில் தொடக்கமும் நடுவும் தெரிவதில்லை, கரையேற்றுவாரை நோக்கி அழைப்பது ஒன்றே செய்யக்கூடியது. கிருஷ்ணபிள்ளை காப்பியத்தின் தலைமை உருவகமாகக் கொண்டது வழியை. இது பனியனிடம் பெற்றது என்று கூறிக் கடந்துவிடலாம். ஆனால் தமிழில் அது ‘யாத்திரை’ ஆனபோது புதியதொரு முரண் பிறந்தது. இராமேசுவரத்து மணலைக் காசிக்குக் கொண்டுசென்று, கங்கை நீருடன் மீண்டு வருவதே தமிழர் அறிந்த யாத்திரை; வீடு திரும்பினால்தான் அது நிறைவெய்தும். ஆத்துமவிசாரியின் யாத்திரையில் திரும்புதல் இல்லை. விட்டுவந்த நகர் அழியப்போவது. எனவே வழியில் நேரும் ஒவ்வொரு சந்திப்பும் ஒரே முறை நேர்வது. தவறவிட்டால் ஈடுசெய்ய மற்றொரு பிறவி இல்லை. காப்பியம் முழுவதும் நிலவும் பதற்றத்துக்கு இதுவே காரணம். கம்பனின் நிதானமான வருணனை நடையோடு இப்பதற்றம் பல இடங்களில் பொருந்தாமல் நிற்கிறது. அதனைக் குறையெனக் கொள்வோர் உளர். இரு வாழ்க்கை நோக்குகள் ஒரே யாப்பினுள் மோதும் ஓசை அது எனக் கொள்வதே பொருத்தம்.

பயணி முதுகில் சுமக்கும் பாவச்சுமை இதனினும் நுட்பமானது. தமிழ்நாட்டுப் பாதையோரங்களில் நின்ற சுமைதாங்கிக் கற்களை அறிந்த வாசகர்க்குச் சுமையிறக்கம் புதிய காட்சியன்று. ஆனால் சுமைதாங்கியில் இறக்கிய சுமையை இளைப்பாறிய பின் மீண்டும் தலைக்கேற்ற வேண்டும். வினையும் அவ்வாறே கருதப்பட்டது. நுகர்ந்தே தீர்க்க வேண்டும். சிலுவையின் அடியில் வீழும் சுமையோ மீண்டும் ஏறுவதில்லை.

இங்கு ஒரு தடை எழுவது இயல்பு. சரணடைந்தாரின் வினையை இறைவன் களைவான் என்பது ஸ்ரீவைஷ்ணவத்திலும் உண்டு. கிருஷ்ணபிள்ளையின் மதமாற்றத்தை ஆராய்ந்த டென்னிஸ் ஹட்சன், இரு சமயங்களுக்கும் இடையிலான இறையியல் ஒப்புமைகளை விரிவாகவே எடுத்துக்காட்டினார். அருள் என்னும் கருத்து மட்டுமே வேறுபாடு எனில் மதம் மாற வேண்டிய தேவையே எழுந்திராது.

விடை பனியனில் இல்லாத ஒரு பகுதியில் உள்ளது. கிறித்துவின் பாடுகளையும் மரணத்தையும் நற்செய்தி நூல்களைத் தழுவி மிக விரிவாகக் காப்பியத்தினுள் புகுத்தியவர் கிருஷ்ணபிள்ளை. பனியனின் வாசகர்க்கு அவ்வரலாறு தெரிந்ததே. தமிழ் வாசகர்க்குச் சொல்ல வேண்டியிருந்தது எனச் சிலர் விளக்குவர். அது பாதி உண்மை. தெரிவிப்பதற்கு மட்டுமெனில் அத்துணை விரிவும் உருக்கமும் வேண்டியதில்லை. அவரை ஈர்த்தது அருளின் இருப்பன்று, அதன் விலை. வினையைக் களைபவன் அதனைத் தன் உடலில் ஏற்று வதைபடுகிறான் என்பதே பழைய நம்பிக்கையில் அவர் காணாதது. அதன்பின் துன்பத்தின் பொருள் மாறுகிறது. வழியில் கொல்லப்படும் நிதானியின் மரணத்தை முன்வினைப் பயன் என்று காப்பியத்துள் எவராலும் விளக்க இயலாது. அது தலைவன் நடந்த வழியில் உடன்நடத்தல். நல்லவர் ஏன் துன்புறுகிறார் என்ற வினாவுக்கு இது முழு விடையாகாது. ஆனால் துன்புறுவோனைக் குற்றவாளியாக நோக்கும் பார்வை இங்கு முறிகிறது.

விடுபட்ட முடிவு

பிறப்பு முன்வினையின் பயனன்று எனின், பிறப்பால் வந்த உயர்வு தாழ்வுக்கு என்ன அடிப்படை எஞ்சும்? இம்முடிவை நொபிலி எட்டவில்லை. சாதி வேறுபாட்டைச் சமூக வழக்கமாக ஏற்றே அவர் இயங்கினார். யாத்திரிகமும் எட்டவில்லை, அதன் அக்கறை ஆன்மாவின் மீட்பு. பயணி தன்னூரை விட்டு வெளியேறுகிறான். ஊரின் சேரியும் தெருவும் அப்படியே நிற்கின்றன. கவிஞரின் வாழ்க்கை நோக்கில் நேர்ந்த மாற்றம் ஆழமானது, ஆனால் தனிமனித எல்லைக்குட்பட்டது என்று கூறுவது அவரைக் குறைத்து மதிப்பிடுவதாகாது.

அம்முடிவு நொபிலியின் மதுரையிலேயே, மூன்றரை நூற்றாண்டு கழித்து, காப்பியத்தில் அன்று, நாட்டுப்புற மெட்டில் ஒலித்தது. அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு (1940–2005), ‘பரட்டை’ என்னும் பெயரில், ஒடுக்கப்பட்டோரின் பேச்சுமொழியில் வழிபாட்டுப் பாடல்கள் இயற்றினார். செவ்வியல் இசைசார் கீர்த்தனைகளில் அவர் மேல்சாதிச் சுவையைக் கண்டார். ஒரே உலையில் பொங்கிப் பகிர்ந்துண்ணல் என்பது அவர் இறையியலின் மையக் கருத்து. கிருஷ்ணபிள்ளையின் பயணி மறுகரையில் அடையும் விருந்தினை இவர் இக்கரையில், இன்றைய உணவில் கேட்கிறார். ஒன்று செய்யுள், மற்றொன்று நாட்டார் பாடல் என்பதால் இவ்விரண்டும் ஆய்வில் ஒருங்கே வைத்துப் பயிலப்படுவது அரிது. யாத்திரிகம் இலக்கியத் தாளிலும் பரட்டையின் பாடல்கள் நாட்டுப்புறவியல் தாளிலும் நிற்கும் வரை, முன்னதில் இறங்கிய சுமை எது, பின்னது இன்னும் இறக்கக் கோரும் சுமை எது என்னும் ஒப்பீடு தொடங்கவே போவதில்லை.