படம் முடிந்தபின் பேசுவது யார்? ஆவணப்பட விழாக்களும் திருச்சபையும்

திரைப்படம் என்றாலே பாவத்தின் கருவியென ஒதுக்கிய காலம் நம் சபைகள் பலவற்றில் கடந்துவிட்டது. இறையியல் மாணவர்கள் ஆவணப்படங்களைக் காண்கின்றனர். இயக்குநர்களை அழைத்து உரையாடுகின்றனர். படம் முடிந்தபின் கலந்துரையாடலும் நடைபெறுகின்றது. இது வரவேற்கத்தக்கதே. எனினும் நாம் படத்தைத் திறனாய்கிறோமேயன்றி, படத்திற்குப்பின் நிகழும் பேச்சைத் திறனாய்வதில்லை. யார் பேசினார், யார் கேட்டார், யார் அவ்விடத்தில் இல்லவேயில்லை என்னும் வினாக்கள் எழுமுன் நன்றியுரை முடிந்துவிடுகிறது.

இவ்வினாக்களை ஓசூர், கிருஷ்ணகிரித் தொழிற்பகுதியை மனத்திற்கொண்டு ஆராய விரும்புகிறோம். பெங்களூருக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், மாநில எல்லையில் அமைந்துள்ள ஓசூர், சிப்காட் தொழிற்பேட்டையால் வளர்ந்து 2019இல் மாநகராட்சியாயிற்று. தமிழும் தெலுங்கும் கன்னடமும் அங்கு நெடுங்காலமாக ஒருங்கே வழங்குகின்றன. வடமாநிலங்களிலிருந்து வேலைதேடி வந்தோரின் மொழிகளும் அவற்றோடு சேர்ந்துள்ளன. இத்தகைய ஊரில் பணிபுரியும் போதகர் ஒருவர் தம் சபை மண்டபத்தில் ஓர் ஆவணப்படத்தைத் திரையிட முன்வருவாராயின், பெருநகர விழாக்களின் முறையை அவ்வாறே மேற்கொள்வது தகுமா? தகாது என்பதே நம் கருத்து. அதற்கான காரணங்களைக் கீழே கூறுவோம்.

1. விழாவின் வடிவம்

தமிழ்நாட்டில் ஆவணப்படத்தை மக்களிடம் கொண்டுசெல்ல எடுக்கப்பட்ட முயற்சிகளுள் மதுரையில் 1998இல் தொடங்கிய பன்னாட்டு ஆவணப்பட, குறும்பட விழா சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. இயக்குநர் ஆர்.பி. அமுதனும் அவர்தம் 'மறுபக்கம்' அமைப்பும் இதனை நடத்திவருகின்றனர். வடக்கே கோரக்பூரில் 2006இல் தொடங்கிய எதிர்ப்புத் திரைவிழா, பெருநிறுவனங்களின் பணத்தை ஏற்காது, பார்வையாளரின் நன்கொடையாலேயே நடக்கவேண்டும் என்னும் நெறியை வகுத்துக்கொண்டது. வணிகச் சினிமாவின் நிழலில் இத்தகைய விழாக்களை ஆண்டுதோறும் நடத்துவது எளிதன்று. இவர்களின் உழைப்பை நாம் மதிக்கிறோம்.

ஆயினும் விழா என்னும் வடிவத்திற்குள்ளேயே ஒரு குறை உண்டு. விளக்குகள் எரிந்ததும் இயக்குநர் மேடையேறுகிறார். அவரோடு பேராசிரியர் ஒருவர், சமூக ஆர்வலர் ஒருவர், எழுத்தாளர் ஒருவர் அமர்கின்றனர். படம் எவ்வாறு எடுக்கப்பட்டது, பணம் எங்கிருந்து வந்தது, இயக்குநரின் நோக்கம் யாது என்பன கேட்கப்படுகின்றன. திரையில் யாருடைய வாழ்வைக் கண்டோமோ அவர் பெரும்பாலும் அவ்வரங்கில் இருப்பதில்லை. இருப்பினும் அவரை நோக்கி ஒலிவாங்கி நீட்டப்படுவது அரிது. குருமாருக்கு இவ்வடிவம் புதியதன்று. மறுமொழிக்கு இடமில்லாத பிரசங்கத்தை நாம் நன்கறிவோம். அங்கே மேடையில் ஒருவர், இங்கே நால்வர். வேறுபாடு அவ்வளவே.

2. நடுவர் இருக்கையும் குற்றவாளிக் கூண்டும்

அமுதனின் 'பீ' (2003) மதுரையில் தெருவைத் துப்புரவு செய்யும் ஒரு பெண்ணின் பணியைக் காட்டுகிறது. தலைப்பே முகத்தைச் சுளிக்கச் செய்யும். அச்சுளிப்பையே படம் விசாரணைக்கு உட்படுத்துகிறது. திவ்யபாரதியின் 'கக்கூஸ்' (2017), கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தும் அத்தொழிலும் அதனால் நேரும் மரணங்களும் தொடர்வதை எடுத்துரைக்கிறது. அப்படத்தைத் திரையிடப் பல ஊர்களில் காவல்துறை அனுமதி மறுத்தது. இயக்குநர் அதனை இணையத்தில் வெளியிட்டார். இந்நிகழ்ச்சி ஓர் உண்மையை நமக்கு உணர்த்துகிறது. படத்தை ஒவ்வொருவரும் தனித்தனியே காணலாம் என்றாயிற்று. கூடிக் காண்பதும் கண்டபின் கூடிப் பேசுவதுமே அச்சத்திற்குரியனவாய்க் கருதப்பட்டன. ஆகவே படத்திற்குப்பின் நிகழும் பேச்சு படத்தின் பிற்சேர்க்கையன்று. அதிகாரம் அதன் மதிப்பை அறிந்திருக்கிறது. விழா நடத்துவோர்தாம் சிலவேளை அதனை மறந்துவிடுகின்றனர்.

அமுதனின் மற்றொரு படமான 'செருப்பு' (2006) நமக்கு இன்னும் நெருக்கமானது. அது திருச்சியில் காலணி தைத்துப் பிழைக்கும் அருந்ததியக் கிறிஸ்தவர்களைப் பற்றியது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை கிறிஸ்தவரான தலித்துகளைப் பட்டியல் சாதியினராக ஏற்பதில்லை. அரசு அவர்களைக் கிறிஸ்தவர் என்கிறது; சபையோ பல இடங்களில் அவர்களைச் சாதியின் பெயரால் அறிகிறது. இப்படத்தின் முன் போதகர் எங்கே அமர்வது?

உலகத் திருச்சபை இவ்வினாவுக்கு ஒரு விடை வைத்திருக்கிறது. புராட்டஸ்டண்டுத் திரைப்பட அமைப்பான 'இன்டர்ஃபிலிம்' 1955இல் தோன்றியது. 1973இல் லோகார்னோவிலும் 1974 முதல் கான் நகரிலும் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டினரும் இணைந்த நடுவர் குழுக்கள் படங்களுக்குப் பரிசளித்துவருகின்றன. திரைக்கலையில் மானிட மாண்பைத் தேடும் நல்ல பணி இது. ஆனால் அங்கே திருச்சபைக்குக் கிடைத்திருப்பது நடுவர் இருக்கை. 'செருப்பு' போன்ற படத்தின் முன் நமக்குரியது குற்றவாளிக் கூண்டு. பரிசளிக்கக் கற்றுக்கொண்ட திருச்சபை, விசாரிக்கப்படவும் கற்றுக்கொள்ள வேண்டும்.

3. பெசான்சோன் தரும் பாடம்

விசாரிக்கப்படும் கலந்துரையாடல் எத்தகையது? பிரான்சு நாட்டின் பெசான்சோன் நகரில் இதற்கொரு சான்று உண்டு. 1967இல் அங்குள்ள ரோதியாசெத்தா என்னும் செயற்கை இழைத் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. புகழ்வாய்ந்த இயக்குநர் கிறிஸ் மார்க்கரும் மாரியோ மரேயும் அதனைப் படமாக்கி, 1968இல் அத்தொழிலாளருக்கே திரையிட்டுக் காட்டினர். தொழிலாளர் கைதட்டிக் கலையவில்லை. படம் தங்களை வெளியாரின் கற்பனைக் கண்ணோடு நோக்குகிறது என்றனர். பெண்களைத் தொழிலாளியின் மனைவியராக மட்டுமே காட்டுகிறது என்றனர். அவ்விவாதம் ஒலிப்பதிவாக இன்றும் உள்ளது.

மார்க்கர் தம் நோக்கத்தை விளக்கித் தப்பித்துக்கொள்ளவில்லை. வெளியார் எப்போதும் வெளியாரே என்பதை ஏற்று, தொழிலாளரே தங்கள் படத்தை எடுக்கட்டும் என்றார். கருவிகளும் பயிற்சியும் தொழிலாளர் கைக்கு வந்தன. 'மெத்வெத்கின் குழு' இவ்வாறே பிறந்தது. 1932இல் ரயில்வண்டியில் ஊர்தோறும் சென்று, அங்கேயே படமெடுத்து அவ்விடத்து உழைப்பாளருக்கே காட்டி விவாதித்த சோவியத் இயக்குநரின் பெயர் அது. அக்குழு 1969இல் வெளியிட்ட முதற் படத்தின் நடுநாயகமாகத் திகழ்பவர், கைக்கடிகாரத் தொழிற்சாலையில் தொழிற்சங்கம் அமைக்கும் ஒரு பெண். முன்னைய படத்தில் தொழிலாளியின் மனைவியாகவே அறியப்பட்டவர், இப்போது தம் சொந்தக் குரலில் பேசுகிறார். ஒரு மாலைநேர விவாதம் ஒரு படத்தைத் திருத்தியது மட்டுமன்று, படமெடுக்கும் உரிமையையே கைமாற்றியது. கலந்துரையாடலின் அளவுகோல் இதுவே என்போம்: அதனால் ஏதேனும் மாறிற்றா?

4. மேலாறும் கீழாறும்

பெசான்சோனும் ஓசூரும் தொழிற்சாலை ஊர்களே. ஆயினும் ஓசூருக்கென ஒரு தனி நிலை உண்டு: அது ஆற்றின் கீழ்ப்புறத்தில் அமைந்திருக்கிறது. நந்திமலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணை, பெங்களூரின் கழிவுநீரை ஏற்றுக்கொண்டு தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. பெல்லந்தூர் ஏரி நுரைத்ததும், 2015இலும் 2017இலும் அதில் தீப்பற்றியதும் பெருஞ்செய்தியாயின. அதே நீர்வழியின் நுரை ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையிலும் மலைபோல் எழுவதைப் பலமுறை கண்டோம். அந்நீரைக்கொண்டு அங்கு உழவு நடைபெறுகிறது.

பெங்களூர் பிலிம் சொசைட்டி 2005இல் நீரைப் பொருளாகக் கொண்ட பன்னாட்டுப் பயணத் திரைவிழாவொன்றைத் தொடங்கியது. நீரைப் பற்றி இவ்வளவு தொடக்கத்திலேயே ஒரு நகரம் சிந்திக்க முற்பட்டது பாராட்டற்குரியது. எனினும் மேலாற்றங்கரையில் நிகழும் எந்த நீர்விழாவும் விடையிறுக்க வேண்டிய வினா ஒன்றுண்டு: தொலைதூர நாடொன்றின் நச்சாற்றைத் திரையில் கண்டு சினங்கொள்ளும் நகரத்தான், தன் வீட்டுக் குழாயிலிருந்து இறங்கும் கழிவு எவர் வயலுக்குச் செல்கிறதென அன்று மாலை அறிந்துகொள்கிறானா? நாத்தான் கூறிய கதையைக் கேட்டுத் தாவீது சினந்தான். அச்சினம் கதையில் வரும் செல்வனை நோக்கியது. விரல் அரியணையை நோக்கித் திரும்பியபின்னரே அக்கதை தன் வேலையைச் செய்தது. கெலவரப்பள்ளி உழவர் ஒருவர் எழுந்து பேசும் அரங்கே நாத்தான் பேசும் அரங்கு. அவரில்லாத அரங்கில் கதை மட்டுமே நிகழ்கிறது.

5. அமர்ந்திருப்பவரின் வெளிப்பாடு

கொரிந்து சபையின் வழிபாட்டை ஒழுங்குபடுத்துகையில் பவுல் கூறுவது நம் பொருளுக்கு மிகவும் ஏற்றது (1 கொரி. 14:29, 30). தீர்க்கதரிசனம் உரைப்போர் இருவர் மூவர் பேசலாம். பிறர் அதனைச் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும். அமர்ந்திருக்கும் ஒருவருக்கு ஏதேனும் வெளிப்படுத்தப்பட்டால், பேசிக்கொண்டிருப்பவர் நிறுத்திக்கொள்ள வேண்டும். மேடைக்கு மதிப்பு உண்டு. ஆனால் அதற்கு முன்னுரிமை இல்லை. இதே அதிகாரத்தின் பிற்பகுதி பெண்களை வாய்திறவாதிருக்கச் செய்யப் பயன்பட்டதையும் நாம் மறைக்கலாகாது. ஓசூர்ப் பகுதி மின்னணுத் தொழிற்சாலைகளில் இன்று இளம்பெண்கள் பெருந்தொகையினராக உழைக்கின்றனர். அமர்ந்திருப்போருக்குரிய விதியை அவர்களுக்கு மறுப்போமாயின், பவுலின் ஒழுங்கை நாமே முறித்தவராவோம்.

ஆகவே அப்பகுதிப் போதகர்களுக்குச் சிலவற்றை முன்வைக்கிறோம். திரையிடும் நேரத்தை ஷிப்ட் முறை தீர்மானிக்கட்டும். ஞாயிறு எல்லாருக்கும் ஓய்வுநாள் அன்று. படம் முடிந்ததும் முதலில் அவரவர் தாய்மொழியில் சிறு குழுக்களாகப் பேசட்டும். பேரவை பின்னர் கூடட்டும். வேலையிழக்கும் அச்சம் மெய்யானது. எனவே எவர் பேச்சையும் கைப்பேசியில் பதிவுசெய்யலாகாது. இயக்குநரும் போதகரும் அவையிலேயே அமர்ந்து, இறுதியில் பேசட்டும். அப்போதும் தம் நோக்கத்தை விளக்காது, கேட்டவற்றுக்கு என்ன செய்யப்போகின்றனர் என்பதை மட்டும் கூறட்டும்.

இம்முறையில் நடக்கும் மாலை ஒழுங்கற்றதாய்த் தோன்றலாம். மொழிபெயர்ப்பில் நேரம் கழியும். சபையைப் பற்றிக் கசப்பான சொற்கள் சபை மண்டபத்திலேயே ஒலிக்கும். அச்சொற்களுக்காக மண்டபத்தின் கதவை மறுமுறை அடைத்துவிடுவோமா, திறந்துவைப்போமா என்பதில்தான் நம் ஊழியத்தின் உண்மை வெளிப்படும்.